இருப்பு முத்திரை

அந்தச் சுகாதார நிலையத்துக்கு ஒரு பெருமை உண்டு. புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுக்கும் எந்தக் கடிதமும், பெறப்பட்ட நாளிலிருந்து பதினான்கு நாளைத் தாண்டியதில்லை. அதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குத் தேதி வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து வருடமாக நூற்றுக்கு நூறு. வாசலில் ஆளுயரப் பலகை வைத்து அதை எழுதியிருந்தார்கள். பலகையைத் துடைக்க என்றே தனி ஊழியர் இருந்தார். கழிப்பறையைத் துடைக்கத்தான் ஆள் இல்லை.

பலகைக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் முத்திரைக்காரரின் கடை. ரப்பர் முத்திரை வெட்டும் மெஷின் ஒன்று, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவர். வயது ஐம்பத்தெட்டு. நிலையத்தின் அத்தனை முத்திரையும் அவர் செய்ததுதான். முதலில் ‘பெறப்பட்டது’ கேட்டார்கள், செய்து கொடுத்தார். அப்புறம் ‘கவனிக்கப்பட்டது’. அடுத்த வருடம் ‘கவனிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது’. அதற்கும் அடுத்து ‘பார்வைக்கு வந்தது, பெறப்படவில்லை’. கடைசியாக ‘நோயாளி வரவில்லை’. எதற்கும் அவர் மூச்சுக் காட்டியதில்லை. முத்திரை வெட்டுகிறவர் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். கொம்பு உடைந்திருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்கமாட்டார். இருபது வருடம் அப்படியே ஓட்டிவிட்டார், பாவம்.

இன்னொரு விஷயம். நிலையத்தின் விதிப்படி எந்த முத்திரையும் இரண்டாகத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். ஒன்று உபயோகத்துக்கு, ஒன்று இருப்புக்கு. இருப்பு முத்திரையை வைக்க நிலையத்தில் அலமாரி இல்லை. ஆகவே தலைமை நிர்வாகி ஓர் ஆணை போட்டார்: ‘இருப்பு முத்திரை தயாரிப்பாளரிடமே இருக்கும். அது அசலுக்குச் சமம். அதை வைத்திருப்பவர் நிலையத்தின் சார்பில் வைத்திருப்பவராகக் கருதப்படுவார்.’ அதை முத்திரைக்காரரின் ஆர்டர் நோட்டில் எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, அதன்மேல் முத்திரையும் குத்திவிட்டுப் போனார். இருப்பு முத்திரைகள் மேசையின் கீழ் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலை முத்திரைக்காரருக்குச் சிறுநீர் செம்மண் கரைத்த தண்ணீராகப் போயிற்று. வலி இல்லை. முந்தின நாள் பீட்ரூட் தின்றோமா என்று யோசித்துப் பார்த்தார். தின்னவில்லை. மனைவியிடம் சொன்னால் பதறிப்போவாள் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார். இப்படி மூன்று வாரம் போனது.

சரியாக அந்த நேரத்தில்தான் நிலையத்தில் ஆண்கள் நல இயக்கம் ஆரம்பித்தார்கள். கட்டடத்தின் முகப்பு முழுவதும் ஒரு பேனர். மீசை வைத்த ஆள் ஒருவர் தொண்டை தெரிய வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். கீழே கொட்டை எழுத்தில் ‘ஆண்களே, வாயைத் திறங்கள்!’ பல் டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்து முதல் நாளே நாலு பேர் வந்து திரும்பினார்கள். தொடக்க விழாவில் தலைமை நிர்வாகி பேசியது ஒலிபெருக்கி வழியாகக் கடைக்குள்ளேயே வந்து விழுந்தது.

“ஆண்கள் பேசுவதில்லை! அதுதான் நோய்! இந்தப் பகுதியில் இத்தனை ஆண்கள் இறந்துபோனதற்கு யார் காரணம்? நாங்களா? இல்லை. அவர்களுடைய மௌனம்! மௌனத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை. ஆனால் பேனர் இருக்கிறது!”

கைத்தட்டல். பேனருக்கா மௌனத்துக்கா என்று தெரியவில்லை. மறுநாளே ‘பேசினார்’ என்று இரண்டு முத்திரைக்கு ஆர்டர் வந்தது. அதைச் செய்து எடுத்துக்கொண்டு போன கையோடு, சரி, நாமும் பேசிவிடுவோம் என்று முத்திரைக்காரர் வரிசையில் நின்றார்.

கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். பதிவு கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“என்ன கம்ப்ளைண்ட்?”

முத்திரைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் தனியா சொல்லணும்மா. ‘மனம் திறக்கும் அறை’ன்னு அங்க ஒண்ணு இருக்கே...”

கூடத்தின் மூலையில் உண்மையாகவே அப்படி ஓர் அறை இருந்தது. கதவில் இரண்டு பூப்படம், கீழே ஒரு பூட்டு.

“அது பூட்டியிருக்கு. ஸ்டோர். இங்கயே சொல்லுங்க.”

“தண்ணி போறப்ப... கொஞ்சம் செவப்பா...”

“சத்தமா சொல்லுங்க. வெக்கப்படக் கூடாது. பேனர் பாத்தீங்கல்ல?”

“ரத்தம் போகுதும்மா! ஒண்ணுக்குல!”

எண்பது தலையும் திரும்பியது. கவுண்டர்ப் பெண் சந்தோஷமாக அவர் அட்டையில் ‘பேசினார்’ என்று குத்தினாள். குத்தியதோடு விடாமல், எட்டிச் சட்டைப்பையில் ஒரு வட்ட பேட்ஜையும் மாட்டிவிட்டாள். ‘நான் பேசிவிட்டேன், நீங்கள்?’ என்று அதில் போட்டிருந்தது.

உள்ளே டாக்டரம்மா வேறு மாதிரி இருந்தார். சின்ன வயது, நேரடிப் பேச்சு. ஏழு நிமிடத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டார்.

“வலி இருக்கா?”

“கொஞ்சங்கூட இல்லம்மா.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு. வலி இல்லாம ரத்தம் போனா விடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில குழாய் விட்டு உள்ள பாக்கணும். கேன்சரா இருந்தாலும் சீக்கிரம் பாத்துட்டா சுரண்டி எடுத்துடலாம். லேட்டாச்சுன்னா கதையே வேற.” கடிதத்தின் தலையில் ‘அவசரம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். “இதை மூணு காப்பி எடுத்து ஏழாம் கவுண்டர்ல குடுங்க. ‘பெறப்பட்டது’ன்னு சீல் போடுறாங்களான்னு பாத்துக்குங்க.”

“அந்தச் சீலே நான் செஞ்சதுதாம்மா” என்றார் முத்திரைக்காரர். கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

ஏழாம் கவுண்டரில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை வாங்கினாள், பார்க்கவில்லை, பின்னால் இருந்த தட்டில் போட்டாள். தட்டு ஏற்கெனவே கழுத்துவரை நிரம்பியிருந்தது.

“சீல்?”

“அது உள்ள போடுவாங்க. கூப்பிடுவோம், போங்க.”

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைப் பார்த்தாள். பேட்ஜைக் கழற்ற மறந்திருந்தார்.

“எல்லார்கிட்டயும் பேசியாச்சாக்கும்” என்றாள். “எங்கிட்ட எப்போ பேசுறதா உத்தேசம்?”

அப்புறம் அவர் சொன்னார். அவள் திட்டவில்லை. மூணு வாரமா ஒளிச்சீங்க என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

நாலு வாரம் ஓடியது. அழைப்பு வரவில்லை. கேட்கப் போனவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர். குரல் பெரிசு என்பதால் எல்லோரும் ‘ஹாரன்’ என்று கூப்பிடுவார்களாம். உட்காருவதற்குக் கையோடு ஒரு தலையணை கொண்டுவந்திருந்தார்.

“நான் அஞ்சு மாசமா வர்றேண்ணே. இது ஆறாவது தடவை. டாக்டரம்மா கடுதாசி குடுத்தாச்சு, ஏழாம் கவுண்டர்ல போட்டாச்சு. கேட்டா வரலைங்கறாங்க. நான் இந்தா உக்காந்திருக்கேன், என் கடுதாசி வரலையாம்.” சிரித்தார். சிரித்து முடித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டார். “முதல்ல கீழ இருந்துச்சு வலி. இப்போ முதுகுக்கு ஏறிடுச்சு. இருந்தாலும் பாருங்க, இங்க வர்றவங்க நம்பரையெல்லாம் வாங்கி போன்ல ஒரு குரூப் வெச்சிருக்கேன். ‘வெயிட்டிங்’னு பேரு. யாருக்காவது கூப்பாடு வந்தா சொல்லணும்னு. இதுவரைக்கும் குட் மார்னிங்தான் வருது.”

முத்திரைக்காரர் தன் நம்பரையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு நேரே தலைமை நிர்வாகியின் அறைக்குப் போனார். முத்திரை கொண்டுபோகிற ஆள் என்பதால் யாரும் தடுக்கவில்லை. தலைமை நிர்வாகி முகம் மலர்ந்தார்.

“வாங்க வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டு மாசத்துல விருதுக் கமிட்டி வருது. தேதி முத்திரை தேஞ்சுபோச்சு, புதுசு ரெண்டு வேணும்.”

“செஞ்சுடலாம் சார். என் கடிதம் ஒண்ணு ஏழாம் கவுண்டர்ல குடுத்து நாலு வாரமாச்சு...”

“பெறப்பட்டிருக்காதே.”

“கையில குடுத்தேன் சார்.”

“குடுத்தது நீங்க. பெறுறது நாங்க. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது.” தலைமை நிர்வாகி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாடம் எடுப்பதில் அவருக்கு ஆசை. “பாருங்க, பெரிய ஆஸ்பத்திரியில மாசத்துக்கு நமக்கு இருபது பரிசோதனைதான் குடுக்கறான். கடிதம் வர்றது நூறு. எல்லாத்தையும் பெத்துக்கிட்டா என்ன ஆகும்? எண்பது பேருக்குப் பதினாலு நாள் தாண்டும். நூத்துக்கு இருபதுன்னு பலகையில எழுத முடியுமா? அசிங்கம்! அதனால முதல்ல அங்க இடம் காலியாகட்டும். காலியானதும் கடிதத்தைப் பெத்துக்குவோம். பெத்ததும் கடகடன்னு வேலை நடக்கும் பாருங்க, பதினாலு நாளா? பத்தே நாள்ல முடிச்சுக் குடுத்தோம் போன வருஷம்!”

“இடம் போதலைன்னு மேல சொல்லக் கூடாதா சார்?”

“எப்படிச் சொல்றது? நம்ம கணக்குல யாருமே காத்திருக்கலையே.”

முத்திரைக்காரர் எழுந்தார். அப்படியென்றால் பெறப்படாத கடிதமெல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். அது நிர்வாக ரகசியம் என்றார் தலைமை நிர்வாகி. தேதி முத்திரையை மறக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதற்கு அடுத்த மாதம் குரூப்பில் குட் மார்னிங் வருவது நின்றது. ஹாரன் இறந்துபோயிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். ஒரு கடிதத்தை நீட்டினாள். அவள் முகத்தைவிடக் கடிதத்தை முதலில் பார்த்தார் முத்திரைக்காரர், தொழில் புத்தி. இரண்டு முத்திரை. ‘பெறப்பட்டது’ என்று ஒன்று, ஒரு தேதி. பதினான்கு நாள் தள்ளி இன்னொரு தேதியில், அதற்குக் குறுக்கே ‘நோயாளி வரவில்லை’. எழுத்துச் சுத்தமாக விழுந்திருந்தது. அவர் வெட்டியதல்லவா. அப்புறம்தான் மேலே இருந்த பெயரைப் படித்தார்.

“நீங்க ஹாரனோட...”

“சம்சாரம். அவரு போன மறுநாள் இதைப் பெத்துக்கிட்டாங்களாம். அதுக்கப்புறம் இவரு வரலையாம். பைல் மூடியாச்சுன்னு தபால்ல அனுப்பியிருக்காங்க.” அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல். “வரலைன்னு எழுதலாமாண்ணே? கடைசித் தடவை நான்தான் ஆட்டோவுல தூக்கி உக்காரவெச்சுக் கூட்டிட்டு வந்தேன். ஏழு தடவை வந்தாரு. சோம்பேறித்தனமா வீட்டுல படுத்திருந்த மாதிரி வரலைன்னு போட்டிருக்காங்களே. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவரு வந்தாருன்னு யாராவது எழுதித் தரணும்.”

முத்திரைக்காரர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருபது வருடமாகத் தலைகீழாகவே படித்த எழுத்தை அன்றைக்குத்தான் நேராகப் படித்தார். வயிறு எரிந்தது. தன்மேலும் எரிந்தது. இந்தக் கையால்தானே வெட்டினோம் என்று கையைப் பார்த்தார். அவருக்கே இன்னும் அழைப்பு வரவில்லை. இப்போது சிவப்புக் கட்டிகட்டியாக வர ஆரம்பித்திருந்தது. பயம் இருந்த இடத்தில் ஒரு வெறி வந்து உட்கார்ந்தது. இவர்களைச் சும்மா விட்டால் நான் மனிதனே இல்லை என்று சத்தமாகவே சொன்னார்.

பிறகு குனிந்து, கீழ் இழுப்பறையைத் திறந்தார்.

விருது விழாவுக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது. ஹாரன் சம்சாரம் கணவனின் போனை எடுத்து குரூப்பில் பேசிப் போட்டாள்: “ஹாரன் வீட்டுலேர்ந்து பேசுறேன். கடுதாசியோட எதிர்க் கடைக்கு வாங்க. அவரு கூப்பிடுற மாதிரி நெனச்சுக்குங்க.” அடுத்த மூன்று நாள் கடை நிரம்பி வழிந்தது. பழைய ஆட்கள் கையிலிருந்த காப்பியோடு வந்தார்கள். புதிதாகக் கடிதம் வாங்கியவர்கள் எப்படியும் மூன்று காப்பி எடுக்க வந்தே தீர வேண்டும். ஒவ்வொன்றிலும் முத்திரைக்காரர் இருப்பு முத்திரையை மையில் ஒற்றி, அன்றைய தேதியையே வைத்து, நேரத்தையும் எழுதி, ‘பெறப்பட்டது’ என்று குத்தினார். ஒரு நாள்கூட முன்தேதி போடவில்லை. அதில் அவர் கறார். ஒரு காப்பி ஆளிடம், ஒன்று தன்னிடம், மிச்சம் ஏழாம் கவுண்டருக்கு.

ஏழாம் கவுண்டரில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கொடுப்பதைப் பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை.

மொத்தம் நூற்று எண்பத்து மூன்று. அதில் ஒன்று அவருடையது.

விழா நாள் வந்தது. விருதுக் கமிட்டித் தலைவி மூக்குக்கண்ணாடியும் காகிதக் கட்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். கூடம் நிறைய ஆண்கள். தலைமை நிர்வாகிக்கு ஏக மகிழ்ச்சி. இயக்கத்தின் வெற்றியைப் பாருங்கள் என்று தலைவியின் காதில் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“எங்கள் சாதனையின் ரகசியம் என்ன என்று கேட்கிறார்கள். கட்டுப்பாடு! மற்ற நிலையங்களில் கைக்கு வருவதையெல்லாம் பெற்றுக்கொள்கிறார்கள். பிறகு முழிக்கிறார்கள். நாங்கள் முடிக்க முடிந்ததை மட்டுமே தொடங்குகிறோம். ஐந்து வருடத்தில் இங்கே ஒரு மனிதர்கூடக் காத்திருந்ததில்லை!”

“நான் காத்திருக்கேன் சார்” என்று ஒருவர் எழுந்தார். கையில் காப்பி. “இன்னிக்குப் பதினாறாம் நாள்.”

“எனக்கும் பதினாறு.”

“எனக்குப் பதினஞ்சு. அதுக்கு முன்னாடி ஏழு மாசம்.”

வரிசை வரிசையாக எழுந்தார்கள். நாற்காலி உராயும் சத்தமே ஒரு நிமிடம் கேட்டது. தலைவி கையை நீட்டி ஒரு காப்பியை வாங்கிப் பார்த்தார்.

“இவங்கள்லாம் யாரு?”

“இவங்க... பெறப்படாதவங்க மேடம்.”

“பெறப்பட்டதுன்னு சீல் இருக்கே. தேதி இருக்கு, நேரம்கூட இருக்கு.”

தலைமை நிர்வாகி காப்பியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. “பெறப்பட்டிருக்கு மேடம். ஆனா எங்களுக்குத் தெரியாம பெறப்பட்டிருக்கு.”

“அப்ப சீல் போலியா?”

பின்னால் சுவரோரம் நின்றிருந்த முத்திரைக்காரர் ஆர்டர் நோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். ‘அது அசலுக்குச் சமம்’ என்ற வரிக்குக் கீழே தன் கையெழுத்து இருப்பது தலைமை நிர்வாகிக்கு ஞாபகம் வந்துவிட்டது. போலி என்றால் தன் ஆணை போலி. அசல் என்றால் நூற்று எண்பத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

“சீல் உண்மைதான் மேடம். பெத்துக்கிட்டதுதான் பொய்.”

“சரி, அப்ப கடிதமெல்லாம் எங்க?”

தலைமை நிர்வாகி பேசவில்லை. மைக் மட்டும் உஸ்ஸென்றது. அப்போது கூடத்தின் நடுவிலிருந்து யாரோ ஒருவர் சத்தம் போட்டார்.

“வாயைத் திறங்க சார்! வெக்கப்படக் கூடாது!”

கூடம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சந்தோஷம் ஒரு சொட்டும் இல்லை. எல்லோரும் பேனர் ஆளைப்போல வாயைப் பிளந்து காட்டினார்கள். ஒருவர் தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றிக்கொண்டு போய் தலைமை நிர்வாகியின் கோட்டில் குத்திவிட்டார். முத்திரைக்காரர் கண்கொட்டாமல் பார்த்தார். இப்படி ஓர் இனிமையான காலைப்பொழுதை அவர் அனுபவித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஏழாம் கவுண்டர் அம்மாள்தான் கடைசியில் எழுந்துவந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, யாரையும் பார்க்காமல், ‘மனம் திறக்கும் அறை’யின் பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ள முடியவில்லை. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கூரைவரை சாக்கு. ஒரு சாக்கு சரிந்து வாய் பிரிந்து, கடிதங்கள் தலைவியின் காலடிவரை ஓடின. ‘அவசரம்’, இரண்டு கோடு. ‘அவசரம்’, இரண்டு கோடு. டாக்டரம்மா ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெயரைப் படிக்க ஆரம்பித்தார். சில பெயர்களுக்குக் கூடத்திலிருந்து பதில் வந்தது. பல பெயர்களுக்கு வரவில்லை. அதோடு சிரிப்பு நின்றது.

விசாரணை நடந்தது. சாக்குகள் தேதி வாரியாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததைக் கமிட்டி தன் அறிக்கையில் பாராட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இருபது இடம் நூற்றைம்பதானது. அடடா, கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையாம். தலைமை நிர்வாகியைத் தண்டனையாகத் தலைமை அலுவலகத்தில் கடிதப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய முத்திரைகள் பறிமுதல். புது முத்திரைக்கு அனுமதி வரும்வரை, எதிர்க் கடையில் இருக்கும் இருப்பு முத்திரையைக் கொண்டே கடிதங்கள் பெறப்பட வேண்டும் என்று ஆணை வந்தது. புது முத்திரைக்கான கோரிக்கை தலைமை அலுவலகத்தின் கடிதப் பதிவுப் பிரிவில் இன்னும் பெறப்படவில்லை.

முத்திரைக்காரருக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். அஞ்சு மாதம் முன்னால் வந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். இப்போது சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீர் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு ஒன்றரை மாதம் கழித்துக் கடைக்குத் திரும்பினார். பிழைத்துவிட்டீர்கள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவரும் பட்டார். ஆனால் யாரையும் மன்னிக்கவில்லை. பையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் தலைமை நிர்வாகியைப் பெயர் சொல்லித் திட்டுவார். அவர் இல்லாத நாட்களில் ஜெராக்ஸ் மெஷினை ஹாரன் சம்சாரம் பார்த்துக்கொண்டாள். வந்தபிறகும் போகச் சொல்லவில்லை.

அப்படி ஒரு காலை, பதினொரு மணி. வரிசையில் பன்னிரண்டு பேர். இரண்டாவதாக நின்றவர் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். முறை வந்ததும் கடிதத்தைக் குப்புற நீட்டினார்.

“மூணு காப்பி.”

ஹாரன் சம்சாரம் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். முத்திரைக்காரரிடம் நகர்த்தினாள். முன்னாள் தலைமை நிர்வாகி தொப்பியைக் கழற்றினார். இளைத்திருந்தார்.

“என்ன கம்ப்ளைண்ட்?” என்றார் முத்திரைக்காரர்.

“அதுல எழுதியிருக்கே...”

“சத்தமா சொல்லுங்க சார். பேசிட்டா பாதி கொணம்.”

பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ரத்தம்... ஒண்ணுக்குல ரத்தம் போகுது.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு மாசமா. வீட்டுல சொல்லல.” தொப்பியைக் கையில் சுருட்டினார். “எனக்குப் பயமா இருக்குங்க.”

“எனக்கும் இருந்துச்சு” என்றார் முத்திரைக்காரர். சட்டையைத் தூக்கி வயிற்றில் ஒட்டியிருந்த பையைக் காட்டினார். நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். ‘நோயாளி வரவில்லை’. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்தார். இருப்பு முத்திரையை மையில் ஒற்றி, முன்னாள் தலைமை நிர்வாகியின் கடிதத்துக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் பிடித்தார்.

“இந்த அம்மா ஹாரன் சம்சாரம். அவரு வந்தாரான்னு எழுதுங்க.”

“இது... மூடின பைல்...”

முத்திரை அந்தரத்திலேயே நின்றது. அவர் எழுதாவிட்டாலும் கடைசியில் குத்தித்தான் கொடுத்திருப்பார் முத்திரைக்காரர். வாசலுக்கு வந்தவனை வரவில்லை என்று சொல்லும் வித்தை அவருக்கு வராது. ஆனால் அதை அந்த ஆளிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

முன்னாள் தலைமை நிர்வாகி பேனாவை எடுத்தார். ‘நோயாளி வரவில்லை’ என்பதன்மேல் கோடு போட்டார். கீழே ‘வந்தார்’ என்று எழுதினார்.

“எத்தனை தடவைன்னு போடுங்க” என்றாள் ஹாரன் சம்சாரம். அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“எத்தனை?”

“ஏழு.”

‘ஏழு முறை வந்தார். கடிதம் முதல் முறையே கொடுக்கப்பட்டது. நான் பெறவில்லை.’ கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“போட்டுக் குடுங்கண்ணே” என்றாள். “இவரு சாகக் கூடாது. பொழச்சுக் கெடந்து, தெனமும் இதை நெனைக்கணும்.”

முத்திரை மேசை அதிர விழுந்தது. ‘பெறப்பட்டது’. தேதி அன்றைய தேதி. நேரம் பதினொன்று பத்து என்று முத்திரைக்காரர் பக்கத்தில் எழுதி, கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.